முகில் ஒழுகுகிறது

ஓட்டை அடைக்கிற ரெண்டு டியூப்பையும் ஒரு டேப் சுருளையும் கடை மேசைமேல் வரிசையாக நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நிற்கிறார் நாச்சிமுத்து வாத்தியார். எடுக்கிறார், கையை நீட்டித் தூரமாகப் பிடிக்கிறார், கண்ணைச் சுருக்குகிறார், வைக்கிறார். அப்புறம் வைத்ததையே மறுபடியும் எடுக்கிறார். என்னத்தைப் படிக்கிறாராம்? கண்ணாடி இல்லாமல் இந்த மனுசனுக்குக் காலண்டரில் தேதியே தெரியாது. கண்ணாடி வீட்டில் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கிளம்புகிற அவசரத்தில் அவர் விட்டுவிட்டு வர, பின்னாலேயே வந்த சாந்தாமணிதான் அதைக் கூட்டுக்குள் போட்டுத் தன் கைப்பையில் வைத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் விட்டுவிட்டு வருவதையெல்லாம் எடுத்து வருவதற்கென்றே ஒரு கை பழகிப்போயிருக்கிறது. பை இப்போது மடியில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பாள். கேட்க மாட்டார். கண்ணாடி மறந்துபோச்சு என்று கடைக்காரன் முன்னால் ஒத்துக்கொண்டால் கிரீடம் இறங்கிவிடுமே. பெயின்ட் டப்பா அடுக்கி வைத்த மூலையில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் சாந்தாமணி. பொள்ளாச்சியில் காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல். கடை வாசலில் நிறுத்தியிருக்கிற வண்டியின் கூரைமேல் அது பொட்டுப் பொட்டென்று விழுகிற சத்தம் இங்கே உள்ளே வரைக்கும் கேட்கிறது. விழட்டும், நல்லா விழட்டும் என்று நினைத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டிக்கு முகில் என்று பேர். பேர் வைத்தவர் யாரென்று கேட்கவும் வேண்டுமா. ரிட்டயர்டு ஆன தமிழாசிரியர் சும்மா வண்டி வாங்குவாரா, பேர் வைக்கத்தான் வாங்குவார். மில்லுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய வேன். அதை வாங்கி, கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் விட்டு, சீட்டையெல்லாம் பிடுங்கி, ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி, கூரையில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டி அதில் ஒரு காற்றாடி. கேரவன் என்று சொல்லிவிடக் கூடாது, அது சினிமாக்காரர்கள் உட்காருவது. நடமாடும் இல்லம் என்று சொல்ல வேண்டும். பால்காரர் கேட்டாலும் நடமாடும் இல்லம், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கேட்டாலும் நடமாடும் இல்லம். முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே நீல எழுத்தில் முகில் என்று ஒட்டி, அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துப் பழைய மாணவர் குழுவில் போட்டார். அறுபத்தேழு பேர் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை அனுப்பினார்கள். முதல் மழையில் ஒழுகியது. வண்டிக்கு மேகம்னு பேர் வெச்சா அது ஒழுகாம வேற என்னத்தைப் பண்ணுமுங்க என்று இவள் கேட்டதற்கு, சோறு வேண்டாமென்று போய்ப் படுத்துக்கொண்டார். சிரிக்கவும் தெரியாது. தான் சொன்னதற்கு மட்டும் சிரிப்பார், அதுவும் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். ஒழுகறதுதானே ஒழுக்கம்! அந்த ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருசம் வாத்தியார் வேலை பார்த்துப் பென்சனும் வாங்குகிறார். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் சொல்வார், குழாய் ஒழுகினால் சொல்வார், சளி பிடித்த குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் சொல்வார். இன்றைக்கும் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அதைத்தான் சொன்னார். கடைக்காரன் தனசேகரன் அவரிடம் படித்தவன். தமிழில் ரெண்டு தரம் கோட்டைவிட்டவன், அதனாலேயே இன்னும் அவருக்கு எழுந்து நிற்கிறான். ஆகா ஐயா, என்று வயிறு குலுங்கச் சிரித்தான். சரக்கு விற்கோணுமே.

வால்பாறைக்குப் போனதை நினைத்தால் இவளுக்கு இப்போதும் தோள்பட்டை வலிக்கிறது. வெள்ளோட்டமாம். அங்கேதான் அந்த முதல் மழை. மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் சாய்ந்த நேரம், தேயிலைக்காட்டுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்து ஊற்றியது பார், ஊசி ஊசியாக இல்லை, கயிறு கயிறாக. முதலில் நெற்றியில் ஒரு சொட்டு. வேர்வை என்று துடைத்தாள். அடுத்தது காதுக்குள். அண்ணாந்து பார்த்தால் காற்றாடிச் சட்டத்தின் ஓரமாகத் தண்ணீர் திரண்டு, யோசித்து, சரியாக இவள் தலையணைக்கு நேரே இறங்குகிறது. அவர் பக்கம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தண்ணிக்கும் ஆள் தெரிந்திருக்கிறது. எட்டின ஏனத்தை எடுத்து, அது சாம்பார் வைத்த குண்டா, கழுவக்கூட இல்லை, தூக்கிப் பிடித்தாள். கீழே வைக்க முடியாது, படுக்கை முழுக்கத் தெறிக்கும். கையை உயர்த்திக்கொண்டு முழங்காலில் நின்றாள். அவர் என்ன பண்ணினார்? செல்போனை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே மழையைக் காட்டி, நேயர்களே என்று ஆரம்பித்தார். நேயர்களே! இவர் என்ன ரேடியோவா? மழை, மலை, மனிதன், மவுனம் என்று மானாவுக்கு மானா கோத்துப் பேசிக்கொண்டே போனைச் சுற்றிலும் திருப்பியவர், இவள் பக்கம் வந்ததும் நிறுத்தி, சாந்தாமணி, கொஞ்சம் நவுந்துக்க, ஏனம் படத்துல தெரியுது என்றார். நகர்ந்துகொண்டாள். நகர்ந்தவள் கை மட்டும் அங்கேயே இருந்தது, உடம்பை ஒருபக்கம் வளைத்து, தலையைக் குனிந்து. அந்தப் படம் இப்போதும் அவர் போனில் இருக்கிறது. இவளும் பார்த்தாள். மழை இருக்கிறது, மலை இருக்கிறது, வாத்தியாரின் மூக்கு இருக்கிறது. கூர்ந்து கேட்டால் பின்னால் டங் டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் இவள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு பழைய மாணவி, மழையின் தாளம் அருமை ஐயா என்று எழுதியிருந்தாள்.

சரி, அதுவும் போகட்டும். ஆனால் மூன்று மாசம்! ஆடி பிறந்ததும் கிளம்பி, வடக்கே காசுமீர் வரைக்கும் போய்த் திரும்ப மூன்று மாசமாகுமாம். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் இவள் அடுக்களைக்குப் போய்விடலாம். அங்கேயும் வந்தால் கொல்லைப்பக்கம் இருக்கிறது, துணி துவைக்கிற கல் இருக்கிறது. முகிலில் அடுக்களை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில். கொல்லை என்றால் நெடுஞ்சாலை. ஆஸ்பத்திரியில் ஆயுசில் பாதியைக் குறுகலான கட்டில்களுக்கு நடுவே நடந்தே தீர்த்தவள் சாந்தாமணி, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக ரிட்டயர்டு ஆனவள். வார்டில் இருக்கிற அத்தனை பேர் முனகலையும் கேட்டாயிற்று. இனிமேலாவது தன் கட்டிலில், தன் ஃபேனுக்கு அடியில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மத்தியானம் தூங்கலாம் என்று இருந்தவளைக் கொண்டுபோய் மறுபடியும் ஒரு குறுகலான கட்டிலில் போடப் பார்க்கிறார்கள். மகள் கவின்மொழி ஓசூரிலிருந்து போனில் சொல்கிறாள், அம்மா, போயிட்டு வாம்மா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும். மாறுதலாமே. அவளுக்கு வேண்டுமானால் வந்து ஏனம் பிடிக்கட்டும். சில நாள் கண்ணை மூடினால் அந்தக் கூரை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து மூக்குக்கு மேலே வந்து நிற்பதுபோல இருக்கிறது, மூச்சு அடைக்கிறது, எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். வர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. காதில் விழாது. மனைவி வரவில்லை என்றால் பழைய மாணவர்கள் என்ன நினைப்பார்கள்? இல்லறத்தார் பயணம் என்று குழுவில் அறிவிப்பே வந்துவிட்டது. ஒரே ஒரு வழிதான் மிச்சம், அதையும் அவரே வாயைக் கொடுத்துத் திறந்து வைத்தார். ரெண்டாவது தரம் ஒழுகினபோது மகள் போனில் சிரித்துவிட்டாள். ரோசம் வந்து, இன்னொரு தடவை ஒழுகுச்சுன்னா வண்டிய வித்துப்போட்டு ஊட்டுல உக்காந்துக்கறேன், இது தமிழ் மேல ஆணை என்று கையை ஓங்கிச் சொன்னார். தமிழ் மேல் சொன்ன ஆணையை மட்டும் மீற மாட்டார், அந்தக் கிறுக்குத்தனம் ஒன்றுதான் அவரிடம் இருக்கிற நாணயம்.

ஆக, இன்னும் ஒரு தடவை ஒழுகினால் போதும். ஒரே தடவை. ஒழுகும். அவர் கையில் இப்போது இருக்கிற சிலிக்கான் டியூப்பை வாங்கிப் பூசினால் கட்டாயம் ஒழுகும். இவளுக்குத் தெரியும். அவர்கள் ரெண்டு பேரும் ஒழுக்கத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போய் மூன்றின் முதுகையும் படித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான், பழைய பூச்சு இருந்தால் முழுக்க நீக்கிவிட்டு, காய்ந்த சுத்தமான இடத்தில்தான் பூச வேண்டும் என்று. படிக்காமலேயே தெரிய வேண்டிய விசயம். கூரையில் ஏற்கெனவே சிலிக்கான் ரெண்டு பூச்சு இருக்கிறது. முதல் பூச்சு கொழுந்தனார் வேலுச்சாமியின் கைங்கரியம். இதென்னுங் அண்ணா பெரிய வித்தை என்று மேலே ஏறி, தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி சுற்றி இழுத்துவிட்டு இறங்கினார். அது விட்டுக்கொண்டதும் பட்டறைக்காரன் வந்து அதன்மேலேயே இன்னொன்று இழுத்தான். இப்போது அதுவும் ஓரம் எழும்ப ஆரம்பித்திருக்கிறது, மூன்றாவது தரம் ஒழுகுவதற்கு முன்னாலேயே அடைத்துவிடத்தான் வாத்தியார் இங்கே வந்து நிற்கிறார். சிலிக்கான் மேலே சிலிக்கான் ஒட்டுமா? வேறு எதுவுமாவது ஒட்டுமா? ஒட்டின மாதிரி இருக்கும், விரலை விட்டால் தோல் மாதிரி உரிந்து வரும். சீழ் வைத்த புண்ணைக் கழுவாமல் மேலே மேலே பஞ்சு வைத்துக் கட்டுகிற கூட்டம். வார்டில் எத்தனை பார்த்திருக்கிறாள். மீசை முளைத்த நாலாம் நாள் டாக்டராகி வந்த ஒருத்தன், மேலே காய்ந்திருக்கிறது என்று பிளாஸ்திரி போடப் போனபோது, டாக்டர், உள்ள இருக்குது, எடுத்துட்டுப் போடுங்க என்று கையைத் தட்டிவிட்டவள் இவள். அவன் முறைத்தான். அழுத்திக் காட்டினாள், வந்தது. காற்றாடியைக் கழற்றோணும், பழசை ஒரு பிசிறு விடாமல் சுரண்டோணும், ஊசி போடுகிற இடத்தைத் துடைக்கிற மாதிரி ஸ்பிரிட் வைத்துத் துடைக்கோணும், சட்டத்துக்கு அடியில் அந்தக் கறுப்பு டேப்பை ஒட்டி, மேலே அந்த நடு டியூப்பைப் பூசோணும். அப்புறம் எந்தச் சிரபுஞ்சிக்குப் போனாலும் ஒரு சொட்டு வராது. இவ்வளவும் இவள் நாக்கு நுனியில் நின்றுகொண்டு தவிக்கிறது. தப்பைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது சாந்தாமணிக்கு வராத கலை. பேசாமல் இரு மூதேவி, ஒரே ஒரு நாளைக்குப் பேசாமல் இரு, உன் கட்டில் உனக்கு மிஞ்சும் என்று தன்னையே திட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

தனசேகரன் விளக்கிக்கொண்டிருக்கிறான். “இது சிலிக்கானுங்க ஐயா, பாத்ரூம், ஜன்னல், தொட்டி, எல்லாத்துக்கும் இதானுங்க போவுது. இந்த நடுவுல இருக்கறது பி.யு.ங்க, காஞ்சா ரப்பராட்டம் ஆயிக்கும், வண்டி ஆடுனாலும் விடாதுங்க, பூசறதுதான் கொஞ்சம் ரோதனை. அது டேப்புங்க, பிசினாட்டம் ஒட்டும், சட்டத்தைக் கழட்டோணும்.” கழட்டோணும் என்றதுமே வாத்தியாரின் முகம் சுண்டிவிட்டது, முதுகிலேயே தெரிகிறது. கழற்றுவது, சுரண்டுவது, துடைப்பது இதெல்லாம் அவருக்கு ஆகாது. மேலே பூசுவதுதான் அவர் தொழில். வகுப்பறையிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். ஒரு சண்டையாவது முழுசாகப் போட்டு முடித்திருக்கிறாரா? பாதியில் ஒரு பாட்டைச் சொல்லி மேலே மெழுகிவிடுவார். இவள் நகையை அடகு வைத்து அவர் தம்பிக்குக் கொடுத்ததைக் கேட்டபோது ஒரு பாட்டு. இவள் அம்மா இறந்து மூன்றாம் நாள் பட்டிமன்றத்துக்குப் போனதைக் கேட்டபோது ஒரு பாட்டு. எல்லாம் அடியில் ஈரமாகவே கிடக்கிறது, மேலே மட்டும் பளபளவென்று இருக்கிறது. பழைய மாணவி எழுதுவாள், ஐயா, உங்கள் இல்லறம் எங்களுக்கு ஒரு பாடம் என்று. வந்து படித்துப் பார்க்கட்டும் அந்தப் பாடத்தை.

தூறல் வலுத்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் கடை ஓரமாக ஒதுங்குகிறார்கள். வாத்தியார் சிலிக்கானைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையைத் தடவுகிறார். இல்லை. பேன்ட் பையைத் தடவுகிறார். அங்கேயும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக மறுபடியும் சட்டைப் பை. காலர் பின்னால் நைந்து நூல் தொங்குகிறது. பிடரியில் முடி எல்லாம் கொட்டி, குழந்தைக்கு இருக்கிற மாதிரி ரெண்டு மடிப்பு. இந்தப் பிடரியை எங்கே பார்த்தோம் என்று தேடினாள், கிடைத்துவிட்டது, வேண்டாமென்றாலும் கிடைத்துவிட்டது. உடுமலையில் வாடகைக்கு இருந்த ஓட்டு வீடு. ஐப்பசி மாசம், சாயங்காலம், கவின்மொழி பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. தொட்டிலுக்கு நேராக ஓடு விட்டுக்கொண்டது. இவள் எழுந்திருக்கப் போனபோது, நீ கிட, தையல் பிரிஞ்சுக்கும் என்று சொல்லி, கஞ்சிக் குண்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டில் பக்கத்தில் நின்றவர் அவர்தான். மழை விடும் வரைக்கும் கையை இறக்கவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து, ஒழுகறதுதானே ஒழுக்கம் என்றார். அன்றைக்குத்தான் அதை முதல்முதலாகச் சொன்னார். இவள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. சே, எதற்கு இப்போது இதெல்லாம் ஞாபகம் வருகிறது? அந்த மனுசன் எங்கே போனார், எந்தப் பட்டிமன்றத்தில் தொலைந்தார்? இவளுக்குக் கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. ஆனால் கை, அந்தப் பழகிப்போன கை, தானாகப் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டது. கண்ணாடிக் கூடு விரலில் தட்டுப்பட்டது. கொடுத்துத் தொலைக்கலாம். படித்துவிடுவார். எறும்பு எழுத்தானாலும் எழுத்தென்றால் படிக்காமல் விட மாட்டார். பழைய பூச்சை நீக்கு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டால் தமிழ் மேல் ஆணையாக நீக்குவார். மூன்று மாசம்தானே. போகிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம். ஏனுங்க, இந்தாங்க கண்ணாடி என்று சொல்வதற்காக நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

“நானா இருந்தா சிலிக்கானே போதுமும்பனுங்க ஐயா” என்றான் தனசேகரன். “மேலாப்புல ஒரு இழுப்பு இழுத்துட்டா முடிஞ்சுது. ஒழுகாதுங்க.”

“ஒழுகினாத்தான் என்னங்கறேன்?” வாத்தியார் சொல்வதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “ஏனம் புடிக்கத்தான் ஊட்டுல ஆளிருக்குதே!”

தனசேகரன் சிரித்தான். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவரும், யாரென்றே தெரியாது, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வாத்தியார் அவருக்காக இன்னொரு தரம் சிரித்தார். சாந்தாமணியின் விரல் கண்ணாடிக் கூட்டின்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அதைப் பைக்குள் அடியில், மாத்திரை டப்பாவுக்கும் கீழே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினாள். அழுகை வந்த சுவடே இல்லை. வார்டில் ரவுண்ட்ஸ் போகிற நடையில் மேசைக்கு வந்தாள். கழட்டோணும் என்ற டேப்பை ஒரு ஓரமாக ஒதுக்கினாள், நடு டியூப்பை அதன் பக்கத்தில் ஒதுக்கினாள், அவர் கையிலிருந்த சிலிக்கானை வாங்கித் தனசேகரன் முன்னால் வைத்தாள்.

“இதையே குடுங்க தம்பி. ரெண்டாப் போடுங்க.”

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் தேர்ந்தெடுத்ததை இவள் சரியென்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. “அட, ஒண்ணு பத்தாதா சாந்தாமணி?”

“பத்தாதுங்க” என்றாள். “நல்லாக் கெட்டியாப் பூசுங்க. பழசையெல்லாம் சுரண்டிக்கிட்டு இருக்க வேண்டாம், அது மேலயே பூசிக்கலாம்.”